வாசகர் கேள்வி – பதில்: தகரக் கிடங்கு போடும்போது ஷீட்டைக் கடைசியாக முடிவு செய்யுங்கள்

கேள்வி: ஐயா, ஆடிப்பட்டத்தில் மணிலாவும் (நிலக்கடலை) ஏரிப் பாசனத்தில் நெல்லும் பயிரிடுகிறேன். அறுவடையானதும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடாமல், நான்கைந்து மாதம் வைத்திருந்து விற்பதற்காகக் களத்து ஓரத்தில் 20 அடிக்கு 40 அடி அளவில் ஒரு தகரக் கிடங்கு போட நினைக்கிறேன். வேலூரில் மூன்று இடங்களில் விசாரித்தேன்; மூன்று பேரும் மூன்று விலை சொல்கிறார்கள். எந்த ஷீட் நல்லது? எதைப் பார்த்து முடிவெடுப்பது?
— ஒரு விவசாயி, அணைக்கட்டு

பதில்: நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஷீட்டை அல்ல, கிடங்குக்குள் காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாக வெளியேறும் என்பதை. நம் பக்கத்தில் தகரக் கிடங்குக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று, 40 டிகிரியைத் தாண்டும் சித்திரை வெயில். அது எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைப் பனி. இதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இரவில் ஷீட் விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது. மூட்டைகளிலிருந்து எழும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த தகரத்தில் பட்டதும் நீராகிவிடுகிறது. கணியம்பாடிப் பக்கம் ஒரு கிடங்கில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். கூரையின் அடிப்பக்கம் முழுவதும் முத்து முத்தாக நீர் தொங்கிக்கொண்டிருந்தது. மேல் அடுக்குச் சாக்குகளில் எட்டணா அளவுக்குக் கறுப்பு வட்டங்கள் விழுந்திருந்தன. கூரையில் ஒரு பொத்தல்கூட இல்லை. அந்த மணிலாவில் பூஞ்சணம் பிடித்து, எண்ணெய்க்கும் ஆகாமல் விதைக்கும் ஆகாமல் போயிற்று. மணிலாவில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் என்பதால், அதை மாட்டுக்குப் போடுவதும் தவறு.

இரண்டு பகைகளுக்கும் மருந்து ஒன்றே. பக்கச் சுவரின் உயரம் 12 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். சுவரின் கீழ்ப்பகுதியில் எலி நுழையாத கம்பிவலை அடித்த திறப்புகளும், கூரை முகட்டில் மழை உள்ளே அடிக்காதபடி மூடிய நீளத் திறப்போ சுழல் காற்றாடிகளோ வேண்டும். கீழே திறப்பு வைக்காமல் மேலே காற்றாடி மட்டும் வைத்தால் அது வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே வர வழியில்லாத காற்றை அது எங்கிருந்து இழுத்து வெளியே தள்ளும்? முகடு கிழக்கு மேற்காக ஓடும்படி அமைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும். ஷீட்டுக்கு அடியில் காற்றுக்குமிழி வைத்த அலுமினியத் தாளை விரித்துவிட்டால் பனிநீர் சொட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும். கூரைக்குப் பச்சையோ செங்கல் நிறமோ வேண்டாம். வெள்ளை அல்லது வண்ணம் பூசாத வெள்ளி நிறமே வெப்பத்தைக் குறைவாக வாங்கும்.

இப்போது ஷீட்டுக்கு வருவோம். மூன்று விலைகளில் குறைந்தது ஒன்றாவது தடிமன் வேறுபாட்டால் வந்ததாக இருக்கலாம். ‘0.50’ என்று ஒருவர் சொன்னால், அது பூச்சையும் வண்ணத்தையும் சேர்த்த அளவா, உள்ளே இருக்கும் இரும்பின் அளவு மட்டுமா என்று கேட்டு, விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். சொல்லைவிடத் தராசு நம்பகமானது. நான்கு அடி அகலச் சுருளில் மடித்த 10 அடி நீள ஷீட் ஒன்றை எடை போடுங்கள். இரும்பு மட்டுமே 0.50 மி.மீ. இருந்தால் பூச்சோடு சேர்த்து ஏறக்குறைய 15 கிலோ வரும், 0.40 என்றால் 12 கிலோ சொச்சம்தான் வரும். சாதாரண ஜி.ஐ. ஷீட்டில் இருப்பது துத்தநாகப் பூச்சு. கால்வால்யூம் ஷீட்டின் பூச்சில் 55 விழுக்காடு அலுமினியமும் 43.4 விழுக்காடு துத்தநாகமும் சிறிதளவு சிலிக்கானும் உண்டு. கூரைக்குப் பின்னதே நீண்ட நாள் உழைக்கும். ‘ஏ.இசட். 150’ என்று அச்சிட்டிருந்தால், ஒரு சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு என்று பொருள். ஆனால் ஈரச் சிமென்ட் இந்தப் பூச்சை அரித்துவிடும். ஆகவே தரையிலிருந்து மூன்றடிக்குச் செங்கல் சுவர் எழுப்பி அதன்மேல் ஷீட் அடிப்பவர்கள், ஷீட்டின் விளிம்பைக் கலவைக்குள் புதைக்காமல் சுவருக்கு வெளிப்புறமாகத் தொங்கும்படி விட வேண்டும்.

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோடை மழைக்கு முன்னால் வீசும் சூறைக்காற்று, மரமில்லாத வெளியில் நிற்கும் கிடங்கின் திறந்த கதவு வழியாகப் புகுந்து கூரையைக் கீழிருந்து மேலே தூக்கும். தகரக் கட்டடம் கனமில்லாதது என்பதால், அதைத் தரையோடு பிடித்து நிறுத்துவது அஸ்திவாரத்தின் எடைதான். தூண்களை மண்ணில் குழி தோண்டிப் புதைப்பதாகச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். காங்கிரீட்டில் போல்ட் பதித்து, அதன்மேல் அடித்தகடு வைத்துத் தூணை முடுக்க வேண்டும். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் ஸ்க்ரூக்களை நெருக்கமாக அடிக்க வேண்டும். இந்தச் செலவைக் குறைத்துத்தான் சிலர் மலிவான விலை சொல்கிறார்கள்.

தரையை, 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது உங்கள் களத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதை நினைவில் வைத்து, அதற்கு மேலே உயர்த்துங்கள். காங்கிரீட்டுக்கு அடியில் கெட்டியான பாலிதீன் தாள் விரியுங்கள். மூட்டைகளை மரச்சட்டங்களின்மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குங்கள். யூரியாவையும் பொட்டாஷையும் இதே கிடங்கில் வைக்க வேண்டாம். அவை ஈரம் இழுத்துத் தகரத்தை அரித்துவிடும். எவ்வளவு நல்ல கிடங்கானாலும் ஈரக் காயைக் காப்பாற்றாது. காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும்; ஈரப்பதம் 8 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, 2020-இல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் கிடங்குக்கான வங்கிக் கடனுக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் வங்கியிலும் வேளாண் அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். கட்டட அனுமதி பற்றி ஊராட்சி அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து பழைய கப்பல் கண்டெய்னர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. லுங்கி நெய்யும் நூலை அதில் வைக்கலாமா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: திருட்டுக்கும் எலிக்கும் அதைப்போல் பாதுகாப்பானது வேறில்லை, அம்மா. ஆனால் அது காற்றுப் புகாமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது; வெயிலில் நின்றால் உள்ளே அடுப்பாகிவிடும். 20 அடிக் கண்டெய்னரின் வெளி அகலம் 8 அடிதான் என்பதால், சுவரோரம் இடைவெளி விட்டு அடுக்கினால் நடக்க இடம் போதாது. நிழலில் நிறுத்தி, எதிரெதிர்ப் பக்கங்களில் வலையடித்த திறப்பு வெட்டி, மேலே தனியாக ஒரு கூரை போட முடியுமானால் வாங்குங்கள், முடியாதென்றால் விட்டுவிடுங்கள். வாங்குவதற்கு முன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்று பாருங்கள். எங்காவது வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரிந்தால் அந்த இடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது.

கேள்வி: ஷெட் போட்டு ஆறு ஆண்டுகளாகின்றன. ஷீட் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்க்ரூ இருக்கும் இடங்களில் எல்லாம் ஒழுகுகிறது.
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கும். தார் பூசி மூடாதீர்கள். பழைய ஸ்க்ரூவைக் கழற்றி, அதைவிட ஒரு சுற்றுப் பருமனான, துருப்பிடிக்காத பூச்சுள்ள ஸ்க்ரூவை, வெயிலைத் தாங்கும் ‘இ.பி.டி.எம்.’ என்ற செயற்கை ரப்பர் வாஷருடன் போடச் சொல்லுங்கள். வாஷர் லேசாக அமுங்கியதும் முடுக்குவதை நிறுத்திவிட வேண்டும். பிதுங்கும்வரை முடுக்கினால் அடுத்த கோடையில் மறுபடியும் வெடிக்கும். வேலை முடிந்த அன்றே கூரையைப் பெருக்கச் சொல்லுங்கள்; துளையிட்டபோது சிதறிய இரும்புத்தூள் அங்கேயே கிடந்தால், முதல் மழையிலேயே துருப்பிடித்து ஷீட்டில் கறையாகப் படிந்துவிடும்.