சர்வர் அனுமதிப் பிழைகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஆத்தங்குடி, தரைக்கல் வியாபாரம்: அண்ணே, கல் டிசைன் படங்கள் தளத்தில் 403 என்று வருகின்றன. உபுண்டுவில் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறேன். ஃபைல் 644தான்.

403 என்றால் ‘அனுமதி இல்லை’. 644 என்றால் உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும். ஆனால் ஃபைலை மட்டும் பார்த்தால் போதாது தம்பி. இரண்டாங்கட்டு அறை திறந்தே கிடந்தாலும் முகப்புக் கதவு சாத்தியிருந்தால் எப்படிப் போவது? மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் சர்வருக்கு ‘எக்ஸ்’ அனுமதி வேண்டும். ஃபோல்டருக்கு அதன் பொருள், கடந்து போகலாம் என்பது. தளத்தை வழங்கும் சர்வர் மென்பொருளான அப்பாச்சி ஓடுவது உங்கள் பெயரில் இல்லை. டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற தனிப் பயனர் பெயரில். உபுண்டு 21.04 முதல் புது ஹோம் ஃபோல்டர் 750ஆகத்தான் உருவாகிறது, வெளியாள் நுழைய முடியாது. சர்வர் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் எரர் லாக்கைத் திறங்கள். பாதையில் ஏதோ ஓர் இடத்தில் அனுமதி இல்லை என்று அதுவே சொல்லும். எந்த இடம் என்பதை ‘நேம்ஐ -எல்’ கட்டளை வரிசையாகக் காட்டும். தளத்தை ஹோமுக்கு வெளியே மாற்றிவிடுங்கள்.

தேவகோட்டை: படம் ஏற்ற முடியவில்லை. 777 போட்டேன், சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். 777 என்றால் மெஷினில் உள்ள எந்தப் பயனரும் எழுதலாம். பலர் பகிரும் சர்வரில் ஒரு கல்யாண மண்டபத் தளத்தை நான் பார்த்துக்கொண்டேன். எனக்கு முன்னால் பார்த்தவர் படங்கள் ஃபோல்டருக்கு 777 போட்டிருந்தார். ஒரு நாள், மணமக்கள் மாலை மாற்றும் படங்களுக்கு நடுவே யாரும் வைக்காத ஒரு பிஎச்பி ஃபைல், அதாவது சர்வரில் ஓடும் நிரல், கிடந்தது. அதே மெஷினில் வேறொருவர் கணக்கு உடைந்து, அங்கிருந்து வந்திருந்தது. படம் ஏற்றும் அந்த ஒரு ஃபோல்டரின் உரிமையை மட்டும் சர்வர் பயனருக்கு மாற்றி 755 வையுங்கள், உரிமையாளர் மட்டும் எழுதலாம். அதற்குள் பிஎச்பி ஓடாமல் தடுத்துவிடுங்கள்.

காரைக்குடி: எட்டு வருடமாக 777தான், ஒன்றும் ஆகவில்லை. சொந்த மெஷின், நான் ஒருவன்தான். ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

ஒருவர் இல்லை. டேட்டாபேஸுக்கு ஒரு பயனர், மெயிலுக்கு ஒரு பயனர் என்று உள்ளே பலர். அதில் ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் உங்கள் ஸ்கிரிப்டைத் திருத்தி எழுதலாம். ஸ்கிரிப்டை அதன் உரிமையாளர் பெயரில் ஓட்டும் சூஎக்ஸெக் என்ற அப்பாச்சி வசதி உள்ள சர்வரில் 777 ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது, 500 என்ற சர்வர் பிழைதான் வரும். எட்டு வருடத்தில் அந்த ஃபோல்டரை எத்தனை முறை திறந்து பார்த்தீர்கள்? இன்றைக்குப் பாருங்கள்.

கானாடுகாத்தான்: பெர்ல் ஸ்கிரிப்டுக்கு 755 கொடுத்தும் 500 வருகிறது.

விண்டோஸில் எழுதினீர்களா ஆச்சி? முதல் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். ‘டாஸ்டுயூனிக்ஸ்’ ஓட்டுங்கள், அது நீக்கிவிடும்.

சிவகங்கை: சென்ட்ஓஎஸ் லினக்ஸ். எல்லா அனுமதியும் சரி, ஆனால் எழுத முடியவில்லை.

செலினக்ஸ். வழக்கமான அனுமதிகளுக்கு மேல் லேபிள் பார்த்து விடும் இன்னொரு காவல் அது. ‘எல்எஸ் -இசட்’ போட்டு ஃபைலின் லேபிளைப் பாருங்கள். செலினக்ஸை அணைத்துவிடாதீர்கள்.

பள்ளத்தூர்: 777 போட்டால் போதுமா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். கூடாது.

ஆத்தங்குடி: நேம்ஐ போட்டேன் அண்ணே. ஹோம் 750தான். தளத்தை வெளியே மாற்றியதும் படம் வந்துவிட்டது.

சரி. ஃபோல்டர் 755, ஃபைல் 644. அதோடு நிறுத்துங்கள்.