முருங்கையில் மயிர்க்கொட்டி அப்பிக்கிடக்கிறது. மரத்தை வெட்டுவதா, கொளுத்துவதா?

கேள்வி: திருகோணமலையில் இருக்கிறோம். மாரி மழை விட்டதும் வீட்டு முருங்கையின் அடிமரம் முழுவதும் மயிர்க்கொட்டி. மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் மாமியார், பந்தம் பிடித்துக் கொளுத்தச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். என்ன செய்யலாம்? இவை என்ன பூச்சியாக மாறும்?

வெட்டவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். முதலில் கொடியில் துணி காய்ந்தால் எடுத்து உள்ளே வையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் கொளுத்தியவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். உப்புவெளியில் எங்கள் அம்மாவின் வளவில், கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு முருங்கை நிற்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதப் பின்னேரம், அதன் அடிமரத்தில் ஆட்டுத்தோலைச் சுற்றிக் கட்டியதுபோல் அவை ஒட்டிக் கிடந்தன. காய்ந்த தென்னோலையில் சூள் கட்டிக் கொளுத்தி, மரத்தோடு ஒட்டிப் பிடித்தேன். பொரிந்து பொரிந்து விழுந்தன. வெற்றிக் களிப்பில் இருந்த எனக்கு, காற்று கடலில் இருந்து வீசுகிறது என்பதோ, என் முதுகுக்குப் பின்னால் கொடியில் படுக்கை விரிப்புகள் தொங்குகின்றன என்பதோ உறைக்கவில்லை. அன்றிரவு அந்த விரிப்பில் படுத்த அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்து சொறிந்தோம். அக்காவின் சின்ன மகளுக்குக் கழுத்து முழுக்கத் தடித்துவிட்டது. அம்மா வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. விரிப்புகளைத் திரும்ப ஊறவைத்தபோது வாளியை வைத்த சத்தமே போதுமாக இருந்தது.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான்: தொந்தரவு புழுவில் இல்லை, மயிரில் இருக்கிறது. புழு செத்தாலும் மயிர் சாகாது. நெருப்பில் பாதி கருகும், மீதி சூட்டோடு மேலே கிளம்பிக் காற்றில் போகும். அடிமரத்தில் கூடியிருக்கும் புழுவைப் பந்தத்தால் சுடும்படி விவசாயக் குறிப்புகளிலும் எழுதுவார்கள். ஊருக்கு வெளியே, காற்றில்லாத தோட்டத்தில் அது சரிவரலாம். கடற்கரையோரம், வேலிக்கு வேலி வீடு இருக்கும் இடத்தில் அது பக்கத்து வீட்டோடு சண்டை வாங்கும் வேலை.

இனி அவை யார் என்ற கேள்வி. எங்கள் வீட்டில் மசுக்குட்டி என்றும் சொல்வோம், தமிழ்நாட்டில் கம்பளிப்பூச்சி என்பார்கள். முருங்கையில் இப்படிக் கும்பலாகக் கிடக்கும் மண்ணிறப் புழு பெரும்பாலும் யூப்டெரோட்டி மொல்லிஃபெரா. யூப்டெரோட்டிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. புழுவுக்கு மட்டுமல்லாமல் பூச்சிக்கும் உடம்பு சடையாக இருப்பது இந்தக் குடும்பத்தின் அடையாளம். ஆங்கிலத்தில் இவற்றுக்குக் குரங்கு அந்துப்பூச்சி என்று பெயர். பெரும்பாலும் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலுமாக 300க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பட்டுப்புழுவும் இவையும் ஒரே பெரும் கிளையில் வருபவை. ஒன்றைக் கூடையில் வைத்து இலை ஊட்டுகிறார்கள், மற்றதைச் சூள் கட்டிச் சுடுகிறார்கள். உறவுக்காரர் என்றாலும் அதிர்ஷ்டம் வேறு வேறு.

வளர்ந்த பூச்சியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மழை விட்ட இரவுகளில் வாசல் விளக்கடிக்கு வரும் பெரிய, வெளிறிய மஞ்சள் கலந்த மண்ணிற அந்துப்பூச்சி. இறகில் மங்கலான கோடுகள் ஓடும். இந்தக் குடும்பத்தில் பூச்சிக்கு உறிஞ்சுகுழல் தேய்ந்துபோயிருக்கும், அல்லது இல்லாமலே இருக்கும். ஆயுளுக்கும் வேண்டிய சாப்பாட்டைப் புழுவாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். உங்கள் முருங்கை ஒரு கிழமையில் ஈர்க்கும் காம்புமாக நிற்பதன் காரணம் அதுதான்.

பகலில் அடிமரத்தில் அசையாமல் கிடக்கும் கூட்டத்தை ஒரு நீளத் தடியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள் (எட்ட நின்று). அசைவது தொட்ட இடத்துப் புழு மட்டுமல்ல. முழுப் போர்வையும் ஒரே நேரத்தில் ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும். இருட்டியதும் டோர்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளைக்கு ஏறிக்கொண்டிருக்கும். வேதாளம் முருங்கை மரம் ஏறிய கதையைக் கட்டியவர் இப்படி ஓர் இரவில் விளக்கோடு மரத்தடிக்குப் போனவராக இருக்கலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு. இலையோடு நிற்காமல் பட்டையையும் சுரண்டித் தின்னும். கூட்டத்துக்குப் பக்கத்தில் வெறும் கம்பளித் துண்டுபோல் ஒட்டியிருப்பவை உரித்துப்போட்ட சட்டைகள். உள்ளே புழு இல்லையே என்று கையால் தட்டிவிடாதீர்கள். மயிர் அதிலேயே இருக்கிறது, அதுவும் கடிக்கும்.

குழாயால் தண்ணீர் பீய்ச்சி விழுத்தலாம் என்றும் நினைக்க வேண்டாம். வயிற்றுப் பக்கத்தில் 5 சோடி பொய்க்கால்கள், அவற்றின் அடியில் நுண்ணிய கொக்கிகள். பட்டையைப் பிடித்தால் பிடித்ததுதான்.

நான் இப்போது செய்வது: விடியற்காலையில், காற்று எழும்ப முன், நீளக்கை மேற்சட்டை போட்டு, துவாயால் மூக்கையும் கழுத்தையும் சுற்றி, கண்ணாடியும் போட்டுக்கொண்டு இறங்குவேன். துணி தோய்க்கும் சவர்க்காரத்தைக் கெட்டியாகக் கரைத்த ஒரு வாளி, இன்னொரு அரை வாளி அதே கரைசல். முதல் வாளியைக் கோப்பையால் அள்ளிக் கூட்டத்தின் மேல் மெதுவாக வழியவிடுவேன். வெறும் தண்ணீர் மயிரின் மேல் முத்துமுத்தாக உருண்டு ஓடிவிடும். சவர்க்காரம் கலந்தது மயிருக்குள் இறங்கி உடம்பை நனைக்கும். புழுவின் இரண்டு பக்கமும் மூச்சுத் துளைகள் இருக்கின்றன, பக்கத்துக்கு 9. அவை நனைந்தால் புழு மூச்சுமுட்டிப் போகும். நனைந்த மயிரும் பறக்காது. பிறகு தும்புத்தடியால் அப்படியே அரைவாளிக்குள் வழித்துவிட்டு, குழி வெட்டிப் புதைத்துவிடுவேன். கிணற்றுக்குக் கிட்ட இல்லை. கூட்டமாகக் கிடப்பது புழுவின் பலம் என்கிறார்கள். வாளியோடு போகிறவனுக்கு அதைவிட வசதி வேறில்லை.

மருந்து அடிக்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். இலையையும் பூவையும் காயையும் தின்கிற மரம் அது. பூவுக்கு வரும் கருவண்டுத் தேனீயும் போய்விட்டால் காய் எங்கிருந்து வரும்? செண்பகம் வளவுக்கு வந்தால் விரட்டாதீர்கள். குயில் சாதிப் பறவைகளுக்கு இந்த மயிர்ப்புழுவைத் தின்னும் தைரியம் உண்டு. மரத்தடி மண்ணையும் ஒருமுறை கொத்திவிடுங்கள். புழு இறங்கி மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகிறது. கிளறிவிட்டால் மற்றதைக் கோழி பார்த்துக்கொள்ளும்.

உடம்பில் பட்டால்: தேய்க்கவே கூடாது. பட்ட இடத்தில் தலைமயிரால் உரசுவது எங்கள் அம்மம்மாவின் வைத்தியம். அவர் மேல் மரியாதை இருந்தாலும், உரசினால் முறிந்த மயிர் இன்னும் உள்ளேதான் போகும். காய்ந்த தோலில் செலோடேப்பை ஒட்டி இழுங்கள், புதுத் துண்டு புதுத் துண்டாக நாலைந்து தரம். அதன்பின் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். போட்டிருந்த உடுப்பை மற்றத் துணியோடு கலக்காமல் தனியே தோயுங்கள். கடி அடங்காவிட்டால் கலமைன் பூசலாம், ஒவ்வாமைக்கான மாத்திரையை மருந்தகத்தில் கேட்டு வாங்கலாம். கண்ணில் பட்டால் மட்டும் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். கசக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த மயிர் கண்ணுக்குள் குத்தி மெல்ல மெல்ல உள்ளே நகரக்கூடியது. மூச்சுத் திணறி இழுத்தாலும் அப்படித்தான், காத்திருக்க வேண்டாம்.

மாமியாருக்கு ஒரு பதில்: மொட்டையாகிவிட்டதே என்று மரத்தை வெட்டத் தேவையில்லை. முருங்கையை ஒடித்து வளர் என்று அவரே உங்களுக்குச் சொல்லியிருப்பார். இலை போன முருங்கை சில கிழமைகளில் திரும்பத் துளிர்த்துவிடும். எங்கள் கிழட்டு மரம் அந்த வருடம் என் சூளையும் தாங்கிக்கொண்டு துளிர்த்தது. கருகிய பட்டை ஒரு பக்கம் மட்டும் இன்னும் தடம் காட்டுகிறது.

தப்பிய கிளையில் இருக்கும் இலையை இப்போதைக்குப் பறிக்காதீர்கள், புழுவின் மயிர் அதிலும் சிக்கியிருக்கும். புதுத் துளிர் வந்தபிறகு வறை வையுங்கள். அதற்குள் நண்டு வாங்கிவிட்டீர்களானால், கறிக்கு ஒரு பிடி இலையைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேளுங்கள். அவருடைய முருங்கையையும் ஒருமுறை பார்த்துவிட்டு.