“அன்றைக்குத் தெரியும்”

மதிப்பிற்குரிய அம்மா,

ஸ்தோத்திரம் என்று எழுதத்தான் கை வருகிறது. உங்கள் மதம் எதுவென்று தெரியாததால் வணக்கம் என்றே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு 41 வயது. பெரியவன் பத்தாவது படிக்கிறான், சின்னவள் மூன்றாவது. நானும் கணவரும் பிறப்பிலேயே கிறிஸ்தவர்கள். ஆனால் நான் சில வருடங்களுக்கு முன் இரட்சிக்கப்பட்டு, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, வேறு சபைக்குப் போகிறேன். அவர் பழைய சபையிலேயே இருக்கிறார். இருக்கிறார் என்றால், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போவார். அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் 23, 24 தேதிகளில், யூதர்களின் எக்காளப் பண்டிகையை ஒட்டி, சபை எடுத்துக்கொள்ளப்படும், அதாவது இயேசு வந்து விசுவாசிகளை மேலே சேர்த்துக்கொள்வார் என்று வீடியோக்கள் சுற்றியது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் பாஸ்டர் தேதி சொல்லக்கூடாது என்றுதான் சொன்னார். ஆனாலும் ஆயத்தமாக இருப்பதில் என்ன தப்பு? அந்த இரண்டு ராத்திரியும் பிள்ளைகளை எழுப்பி உட்காரவைத்து ஜெபித்தேன். பெரியவன் பாதியிலேயே எழுந்து போய்விட்டான். 25ஆம் தேதி காலையில் கணவர், பிள்ளைகள் முன்னால், “என்ன, நீ இன்னும் போகலையா?” என்று கேட்டார். பெரியவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை அம்மா. பெற்ற பிள்ளை.

அப்புறம் கணவரின் அண்ணன். நிறையப் படித்தவர். இரகசிய வருகை, அதாவது உபத்திரவத்துக்கு முன்பே இயேசு வந்து சபையை எடுத்துக்கொள்வார் என்பதே 1830களில் டார்பி என்ற ஒருவர் கிளப்பியது, சபையும் கடைசிக் காலத்துக் கொடிய துன்பமான மகா உபத்திரவத்துக்குள் போய்த்தான் ஆகவேண்டும், வெளிப்படுத்தல் 20இல் வரும் கிறிஸ்துவின் ஆயிரம் வருட ஆட்சி வெறும் அடையாளம் என்று வரிசையாகச் சொல்வார். தானியேல் 9ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு கடைசிக் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் காட்டும் எழுபது வாரக் கணக்கைக் கேட்பார். எனக்குப் பதில் சொல்ல வராது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ரசிப்பார். ஒரு வார்த்தை எனக்காகப் பேசமாட்டார். மறுநாள் எனக்கு ஏதாவது ஒரு வேலை தள்ளிப்போனால், “இன்னும் போகலையா”தான்.

நான் பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: “அன்றைக்குத் தெரியும், யார் போனது, யார் நின்றது என்று.” இது வேதத்தில் உள்ளதுதானே? இரண்டு பேர் வயலில் இருப்பார்கள், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான். நானாகச் சொந்தமாக எதையும் சொல்லவில்லையே.

இதில் தூக்கமும் சரியில்லை. செப்டம்பரிலிருந்து சின்னவள் எங்கள் நடுவில்தான் படுக்கிறாள். என் துப்பட்டா நுனியைத் தன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறாள். இன்னொரு கையில் அவள் அப்பாவின் பனியனைச் சுருட்டிப் பிடித்துக்கொள்கிறாள். திரும்பிப் படுக்கக்கூட முடிவதில்லை. ஏன்டி என்றால் “சும்மா” என்கிறாள். வயிற்றுவலி என்று அடிக்கடி பள்ளிக்கும் போவதில்லை, டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். பெரியவன் அப்பா பக்கம் போய்விட்டான், இவளாவது என்மேல் பாசமாக இருக்கிறாளே என்று விட்டுவிட்டேன். அதைச் சொல்ல வரவில்லை. விசுவாசத்துக்காக ஒரு பெண் தன் வீட்டிலேயே இப்படி அவமானப்பட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

உபத்திரவத்துக்கு முன்பா, பின்பா? யார் சொல்வது சரி? அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? கணவர் கேலியை நிறுத்த என்ன வழி? பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு விசுவாசி

---

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் கணவரும் அவர் அண்ணனும் நிறைய இடம் பிடித்திருக்கிறார்கள். மகளுக்குக் கிடைத்தது ஒரே பத்தி. அதையும் “அதைச் சொல்ல வரவில்லை” என்று மூடிவிட்டீர்கள். நான் அந்தப் பத்தியைத்தான் பலமுறை படித்தேன்.

ஒரு கையில் உங்கள் துப்பட்டா, மறு கையில் அப்பாவின் பனியன். இதைப் பாசம் என்று நினைத்தீர்கள். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் பாசத்துக்கு முடிச்சுப் போடத் தேவையில்லை. அவள் மனதில் ஓடுவதை நான் ஊகித்துத்தான் சொல்ல முடியும், என்றாலும் இந்த ஊகத்துக்குப் பெரிய சிரமம் வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் ஒருவர் போகப்போகிறவர், இன்னொருவர் நிற்கப்போகிறவர் என்று அவள் காதுபடத் தீர்ப்பு சொல்லப்பட்டிருக்கிறது. நடுராத்திரி எழுப்பி உட்காரவைத்ததால், அது ராத்திரியில் நடக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். எட்டு வயதுப் பிள்ளை சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் மேலே போகும்போது தானும் கூட வந்துவிட வேண்டும், அப்பாவையும் விட்டுவிடக்கூடாது. தன் இரண்டு கையால் முடிந்த ஏற்பாட்டை அவள் செய்துவைத்திருக்கிறாள். “சும்மா” என்கிறாள் என்றால், உண்மையைச் சொன்னால் அதிலும் தன் விசுவாசம் குறைவாகத் தெரியுமோ என்று பயந்திருக்கலாம்.

இனி சொல்வது கொஞ்சம் கசக்கும். “அன்றைக்குத் தெரியும்” என்ற உங்கள் வாக்கியம் வேதத்தில் உள்ளதுதான் என்கிறீர்கள். ஏற்றுக்கொள்ளப்படுவதும் கைவிடப்படுவதும் அங்கே இருக்கின்றன. ஆனால் யார் எந்தப் பக்கம் என்ற பட்டியல் அங்கே இல்லை, அதை நிரப்பியது நீங்கள். அதுவும் ஜெபத்தில் அழுதுகொண்டு நிரப்பவில்லை, வாக்குவாதத்தில் தோற்றபோது நிரப்பினீர்கள். கணவர் உங்களைச் சிறுமைப்படுத்தினார், அந்தக் காயம் உண்மையானது. அதற்கு மருந்தாக நீங்கள் பிடித்துக்கொண்டது, அவர் ஒருநாள் வெறும் வீட்டில் நின்று தவிப்பார் என்ற காட்சியை. மனதுக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். கேலிக்குப் பதில் சொல்ல முடியாதவருக்குக் கடைசி நாள் ஒரு பெரிய சாட்சி. ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் அந்தக் காட்சியில் தவிக்கிறவர் உங்கள் மகளின் அப்பா.

நீங்கள் எடுத்துக்கொள்ளப்படுதல் என்று நம்புவதற்கு ஆதாரமான பகுதி 1 தெசலோனிக்கேயர் 4. அது எதற்காக எழுதப்பட்டது என்று ஒருதரம் பாருங்கள். அந்தச் சபையில் சிலர் இறந்துவிட்டார்கள். கர்த்தர் வருவதற்கு முன்பே போய்விட்டார்களே, அவர்கள் கதி என்ன என்று மிச்சமிருந்தவர்கள் கலங்கினார்கள். யாரும் விட்டுப்போகமாட்டார்கள், மரித்தவர்களும் உயிரோடிருப்பவர்களும் சேர்ந்தே இருப்போம் என்று சொல்லத்தான் பவுல் எக்காளத்தையும் மேகத்தையும் பற்றி எழுதுகிறார். அந்த அதிகாரம் முடிவது, இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று. பிரிவை நினைத்து அழுதவர்களைத் தேற்ற வந்த வார்த்தை, உங்கள் வீட்டில் பிரிவைக் காட்டிப் பயமுறுத்தப் பயன்படுகிறது. அண்ணன் சொல்லும் டார்பியைவிட எனக்கு இதுதான் பெரிய பிரச்சினையாகத் தெரிகிறது.

அவிசுவாசியான கணவன் சேர்ந்து வாழச் சம்மதித்தால் மனைவி அவரைத் தள்ளிவிடக்கூடாது என்றும், மனைவியால் அவர் பரிசுத்தமாக்கப்படுகிறார் என்றும் அதே பவுல் 1 கொரிந்தியர் 7இல் எழுதியிருக்கிறார். பிள்ளைகளைப் பற்றியும் அங்கேயே சொல்கிறார். உங்கள் கணவர் அவிசுவாசிகூட இல்லை, சோம்பேறிக் கிறிஸ்தவர். அவரைக் கைவிடப்பட்டவர்கள் கூட்டத்தில் சேர்க்க இத்தனை அவசரம் ஏன்?

உபத்திரவத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டீர்கள். நான் வேதபண்டிதர் இல்லை. பழங்காலத்துச் சபைப் பிதாவான அகஸ்டின் அந்த ஆயிரம் வருடத்தைச் சபையின் காலமாகவே வாசித்தார். முதலில் எடுத்துக்கொள்ளப்படுதல், பிறகு உபத்திரவம் என்று நீங்கள் நம்பும் வரிசையை, டார்பிக்குப் பிறகு, 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமம் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. இரண்டு பக்கமும் பக்தியுள்ளவர்கள் இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள். இதை உங்கள் கணவரின் அண்ணனோடு சாப்பாட்டு நேரத்தில் தீர்க்க முடியாது. “எனக்குத் தெரியவில்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அதில் தோல்வி எதுவும் இல்லை.

ஆனால் தேதி விஷயம் அப்படி விட்டுவிடக்கூடியது இல்லை. அந்த நாளையும் நாழிகையையும் யாரும் அறியார் என்பதில் உங்களுக்கும் அண்ணனுக்கும் சண்டையே இல்லை. இருந்தும் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் காத்திருந்தார்கள், சிலர் வயலில் விளைந்ததைக்கூட எடுக்கவில்லை. அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார். அதுவும் பொய்த்தபின், 2012இல், தாம் சொன்னது தவறு, பாவம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். முதியவர், ஊரறிந்தவர், அவருக்கு அது எளிதாக இருந்திருக்காது.

உங்கள் வீட்டில் யாராவது அப்படி ஒப்புக்கொண்டார்களா? செப்டம்பர் 25க்குப் பிறகு கணவர் கேலி செய்தார், மகன் சிரித்தான், நீங்கள் காயப்பட்டீர்கள். சின்னவளிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அந்த ராத்திரி இன்னும் முடியவில்லை.

அதனால் பகல் நேரத்தில், அவள் விளையாடிக்கொண்டிருக்கும்போது, அவள் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: அந்தத் தேதி தப்பு, உன்னை எழுப்பிப் பயமுறுத்தியது அம்மாவின் தப்பு, அப்பா கைவிடப்படுவார் என்று அம்மா சொன்னது கோபத்தில் சொன்னது, அம்மாவா அப்பாவா என்று நீ யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அவளோடு ஜெபியுங்கள், ஆனால் அந்த ஜெபத்தில் பயம் வேண்டாம். வீடியோக்கள் அவள் காதில் விழ வேண்டாம். முடிச்சை நீங்களாக அவிழ்க்காதீர்கள், அவளே விடட்டும். பிள்ளைகளிடம் பிரிவுப் பயம் நான்கு வாரங்களைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது எங்கள் மனநலத் துறையின் பொதுவான அளவு. இங்கே அதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. டாக்டர் ஒன்றுமில்லை என்ற அந்த வயிற்றுவலியும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரிடம் தாமதிக்காமல் அழைத்துப்போங்கள்.

கணவரும் இதைப் படிக்க வேண்டும், அவரிடம் காட்டுங்கள். ஐயா, உங்கள் மனைவியின் நம்பிக்கையோடு உங்களுக்கு ஒத்துப்போகவில்லை என்றால் அதை நேராகப் பேசலாம். “நீ இன்னும் போகலையா?” என்று நீங்கள் கேட்டது பெரியவனுக்கு வேடிக்கையாக இருந்தது. இரண்டு ராத்திரி கண்விழித்து, அம்மா போய்விடுவாளோ என்று பார்த்துக்கொண்டிருந்த சின்னவளுக்கு அதில் என்ன கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கேள்வி இனி உங்கள் வீட்டில் வேண்டாம். அவளிடம் பேசும்போது உங்கள் மனைவி தன் தப்பைச் சொன்ன கையோடு, நீங்களும் உங்களுடையதைச் சொல்லிவிடுங்கள்.