ஹாம் ரேடியோ கேள்வி பதில்: ஈரம் குடித்த டிரான்ஸ்பார்மர்

கேள்வி: லீனியர் ஆம்ப்ளிஃபையருக்காக (ரேடியோ சிக்னலின் பவரைக் கூட்டும் கருவி) பழைய சாமான் கடையில் ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கினேன். பிரைமரி (கரண்ட் உள்ளே போகும் சுற்று) 230 வோல்ட், செகண்டரி (வெளியே வரும் சுற்று) 2000. செகண்டரிக்கும் இரும்புக் கோருக்கும் நடுவே மெகர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) 2 மெகோம்தான் (20 லட்சம் ஓம்) காட்டுகிறது. மொட்டைமாடி வெயிலில் வைத்தும் ஏறவில்லை. கரண்ட் கொடுக்கலாமா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: வேண்டாம். வைண்டிங் அடுக்குகளுக்கு நடுவில் இருப்பது காகிதம். 2000 வோல்ட் ஏ.சி. என்றால் உச்சத்தில் 2800ஐத் தொடும். ஈரக் காகிதம் அதைத் தாங்காது. உள்ளே ஒரு தடவை கருகினால் மொத்தமும் பிரித்துச் சுற்ற வேண்டியதுதான். நம்ம ஊர் வெயிலில் மேல் இரும்பு சுடும், உள் அடுக்கு வெதுவெதுப்போடு நின்றுவிடும். ராத்திரி ஈரக்காற்று வேறு.

சூடு உள்ளிருந்து வரவேண்டும். செகண்டரி முனைகளைத் தடித்த கம்பியால் ஷார்ட் செய்து, திருகு போட்டு இறுக்குங்கள். பிரைமரிக்கு டிம்மர்ஸ்டாட்டை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஜீரோவிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். பார்க்க வேண்டியது வோல்டேஜை அல்ல, அம்மீட்டரை. பத்து, இருபது வோல்டிலேயே போதுமான கரண்ட் ஓடும். அதற்காக அலட்சியம் கூடாது: ஷார்ட் கழன்றால் 15 வோல்ட் உள்ளே போய் 130 வோல்டாக வெளியே வரும். டிம்மர்ஸ்டாட் மெயின்ஸைப் பிரித்துத் தராது என்பதால் பிரைமரி பக்கமும் கை வைக்காதீர்கள்.

உள் சூட்டைச் செம்பே சொல்லிவிடும். 30 டிகிரியில் 40 ஓம் காட்டும் செகண்டரி, 80 டிகிரியில் சுமார் 47.5 ஓம் காட்டும். பிளக்கைப் பிடுங்கி, ஷார்ட்டை அவிழ்த்து அளங்கள். 80க்கு மேல் போகாதீர்கள். அவசரப்பட்டால் நீராவி காகிதத்தை உப்ப வைத்துவிடும்.

பலர் பயந்து நிறுத்துவது இங்கேதான்: சூடேறும்போது மெகர் இன்னும் கீழே இறங்கும். சூட்டில் இன்சுலேஷன் மதிப்பு குறைவது இயல்பு, ஈரமும் இடம் பெயர்கிறது. விடாமல் அதே சூட்டில் வைத்தால் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், அப்புறம் ஏறும். ஏறி நிலைத்த பிறகுதான் காய்ந்தது என்று அர்த்தம். எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள், மெகரைக் கேளுங்கள். ஆறிய பிறகு நூறு மெகோமாவது இல்லாமல் நான் மெயின்ஸ் கொடுக்க மாட்டேன்.

சூடு ஆறுமுன் மோட்டார் வைண்டிங் கடையில் கொடுத்து வார்னிஷில் முக்கி, அவர்கள் ஓவனிலேயே காயவைத்து வாங்குங்கள். இல்லையென்றால் ஐப்பசி மழையில் பழைய கதைதான். முதல் முறை மெயின்ஸ் கொடுக்கும்போது, செகண்டரியில் எதையும் இணைக்காமல், பிரைமரியோடு தொடராக 100 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. உதவாது.

கேள்வி: என்னுடையது தார் ஊற்றி மூடிய இரும்புப் பெட்டி. இதே முறையா? (வாசகர், தாம்பரம்)

பதில்: கூடாது, தார் இளகி வழியும். முதலில் மேலே உள்ள பீங்கான் புஷிங்கை (கம்பி வெளியே வரும் காப்பு) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நன்றாகத் துடைத்து, காயவிட்டு, மறுபடி மெகர் வையுங்கள். மின்கசிவு பாதி நேரம் அந்த அழுக்கில்தான் இருக்கும்.