தோப்பில் நிற்கும் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உடுமலைப்பேட்டை: தாத்தாவின் தென்னந்தோப்பில் பழைய அம்பாசிடர் நிற்கிறது. படம் அனுப்பியுள்ளேன். என்ன விலை போகும்?

முகப்பை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பினால் எதை வைத்து விலை சொல்வது? இடித்து நசுங்கிய கிரில்லுக்குக் கையில் கிடைத்ததை மாட்டி ஓட்டிய வண்டிகள் இவை. முகப்பு வருடத்தைச் சொல்லாது. அம்பாசிடருக்குத் தனி சேஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் முதுகெலும்பு. கதவுகளுக்குக் கீழே ஓடும் பாடி விளிம்பையும் தரைத் தகட்டையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். புதைந்து உள்ளே போனால் எடைக்குத்தான் போகும்: ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல், அன்றைய பழைய இரும்பு விலைதான். புதையாவிட்டால் வண்டியின் அடையாளமாகப் பொறித்த எண்ணையும் (அதைத்தான் சேஸ் எண் என்பார்கள்) ஆர்.சி. புத்தகத்தையும் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள். முதலில் எண், பிறகுதான் விலை.

திண்டுக்கல்: எங்களுடையது அம்பாசிடரா, லேண்ட்மாஸ்டரா?

பின்பக்கம் போய் நில்லுங்கள். டிக்கியின் இருபுறமும் சிறு வால்போல மேலெழுந்திருந்தால் அம்பாசிடர். வழவழவென்று உருண்டு இறங்கினால் அம்பாசிடருக்கு முந்தைய, 1950களின் லேண்ட்மாஸ்டர். பின்னதென்றால் ஒரு திருகாணியைக்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள்.

திருச்சி: எம் என்ற எழுத்தில் தொடங்கும் நம்பர் பிளேட். எவ்வளவு பழையது?

பெரும்பாலும் மெட்ராஸ் மாநிலக் காலத்துப் பதிவு. 1969இல் தமிழ்நாடு என்று பெயர் மாறிய பிறகு டி எழுத்து வந்தது, டி.என். 01 போன்ற இன்றைய முறை 1989 முதல். ஆனால் பிளேட்டைக் கழற்றி வேறு வண்டியில் மாட்ட ஐந்து நிமிடம் போதும். சேஸ் எண்ணைப் பாருங்கள்.

கோபிசெட்டிபாளையம்: அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருபது வருடம் நின்றது. டிங்கரிடம் விட்டுச் சுரண்டி, புது பெயின்ட் அடித்துவிட்டோம். பானெட்டுக்குள் இருந்த சிறு தகடுகளை அவர் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். இப்போது விலை கூடியிருக்குமா?

குறைந்துவிட்டது. மாதம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது; படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. சென்னையிலேயே தயாரான கார் ஹெரால்டு. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். தனி சேஸ்மீது பாடியைப் போல்ட் போட்டு நிறுத்தியிருப்பார்கள். துரு ஏறினாலும் பிரித்துச் சரிசெய்ய வழியுள்ள வண்டி. சேஸ் எண் பொறித்த தகடுதான் அதன் ஜாதகம்; அதையே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டு, பெயின்டைக் காட்டி விலை கேட்கிறீர்கள்.

சென்ற ஆண்டு பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் இதே ரக வண்டி ஒன்றைப் பார்த்தேன். தகட்டின்மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கம்பி பிரஷ் தொடவில்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியை அரைமணி நேரம் ஒற்றிவைத்து, நகத்தால் மண்ணை நீக்கி, வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தேன். மூன்றா எட்டா என்று கண்ணுக்குப் பிடிபடாத இலக்கம் தாளில் எட்டாக எழுந்தது. ஆர்.சி. புத்தகத்தில் மங்கிய நீல மையிலும் எட்டு. கிலோ கணக்கில் விலை பேசிக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பெரியவர், வியாபாரியை அப்போதே அனுப்பிவிட்டார்.

நீங்கள் இன்றே அந்தக் கடைக்குப் போய்த் தகட்டைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய இன்சூரன்ஸ் தாள், வரி ரசீது எதையும் விடாமல் திரட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசுங்கள். புது எண் குத்தித் தருகிறேன் என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது குற்றம். தகடும் தாளும் இல்லாத வண்டியை உதிரி பாகங்களுக்காக மட்டுமே கேட்பார்கள். பெயின்டுக்குச் செலவழித்தது திரும்பாது.

ஈரோடு: பல வருடம் நின்ற காருக்குப் புது பேட்டரி போட்டால் ஸ்டார்ட் ஆகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைகளில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, நான்கு நாள் கழித்து எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். டாங்கிலுள்ள பழைய பெட்ரோலை வடித்த பிறகே பேட்டரி.

மதுரை: 1972 அம்பாசிடர், இப்போது மேட்டடார் வேனின் டீசல் எஞ்சின் இருக்கிறது. மிகப் பழைய வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவு கிடைக்குமா?

வயது போதும்: முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டியிருக்க வேண்டும் என்பது 2021 விதி. ஆனால் சேஸ், பாடி, எஞ்சின் மூன்றும் மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்பதும் அதே விதி. பழைய பெட்ரோல் எஞ்சின் எங்காவது கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். தினசரி ஓட்ட அனுமதியில்லை.

கரூர்: வாங்கிய நிலத்தில் ஒரு கார் கிடக்கிறது. எங்களுக்குத்தானே சொந்தம்?

இல்லை. ஆர்.சி.யில் பெயருள்ளவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ சொந்தம். நிலப் பத்திரம் காருக்குச் செல்லாது. அவர்களைக் கண்டுபிடித்து எழுத்தில் வாங்குங்கள்.

நாமக்கல்: முன்கதவுகள் தலைகீழாக, பின்பக்கக் கீலில் திறக்கும் பழைய ஃபியட். மதிப்புண்டா?

நிச்சயம் உண்டு. பம்பாயில் தயாரான ஃபியட் 1100 ஆக இருக்க வேண்டும். அந்தக் கதவுகளும் கீல்களும் கிடைப்பது அரிது. கழற்றாதீர்கள், இழுத்துத் திறக்கவும் முயலாதீர்கள். வண்டிமேல் ஒரு கூரை போடுங்கள். சேஸ் எண்ணைப் பென்சிலால் படியெடுத்து அனுப்புங்கள்.