முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்

திருவாரூரிலிருந்து நார்வேயில் இருக்கும் ட்ரொண்ட்ஹைம் வந்து நாலு மாதம் ஆகிறது, ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில்கூட ஸ்வெட்டர் பின்னுகிறார்கள், நானும் கற்றுக்கொண்டால் பேச்சுத்துணை கிடைக்குமா, எடுத்த எடுப்பிலேயே பூப்போட்ட ஸ்வெட்டர் பின்னலாமா என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் நீ என்றே எழுதுகிறேன்.

லீவுக்கு மாயவரம் வந்திருக்கிறேன். ஐப்பசி அடைமழை. மடியில் பாதி பின்னிய ஸ்வெட்டர் கை. புழுக்கத்தில் கம்பளி நூல் விரலில் ஒட்டுகிறது. "இந்த ஊரில் இதை யாருக்குடி போடப்போறே?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

பேச்சுத்துணை கிடைக்கும், ஆனால் நீ நினைக்கிற மாதிரி உடனே இல்லை. நான் நார்வேயில் நூலகத்தில் நடக்கும் பின்னல் கூட்டத்துக்குப் போனபோது மூன்று வாரம் பெயரைத் தவிர யாரும் எதுவும் கேட்கவில்லை. நாலாவது வாரம், எழுபது தாண்டிய ஒரு பாட்டி என் ஸ்வெட்டரைக் கேட்காமலே வாங்கி உள்பக்கம் புரட்டினார். நான் மெனக்கெட்ட பூவை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. எங்கள் கூறைநாட்டில் தறிவீட்டுப் பெரியவர்களும் புடவையை இப்படித்தான் புரட்டுவார்கள். பின்னால் நூல் வீணைத் தந்தி போல விறைத்திருந்தது. "இது உன் தலை வழியே நுழையாது" என்றார். நுழையவும் இல்லை. அங்கேயே நாற்பது வரிசை பிரித்தேன். நான் பிரிக்கப் பிரிக்க அவர் நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டே, ஊர் எது, அம்மா இருக்கிறாளா என்று கேட்க ஆரம்பித்தார்.

தப்பு எங்கே என்றால், ஒரு வரிசையில் இரண்டு நிறம் வரும். வேலை செய்யாத நிறம் பின்பக்கம் ஓடும். அதை இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கிவிடும். நிறம் மாற்றும் முன் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, விரலால் கொஞ்சம் பரப்பிவிடு. ஐந்து கண்ணிக்கு மேல் ஒரே நிறம் வந்தால் சும்மா இருக்கும் நூலை நடுவில் வேலை செய்யும் நூலோடு ஒருமுறை முறுக்கிப் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் போடும்போது விரல் மாட்டும். எந்த நிறம் கீழிருந்து வருகிறதோ அது எடுப்பாகத் தெரியும். பாதியில் மாற்றினால் பூ மங்கிப்போகும்.

பூவைப் பற்றி உனக்குக் கவலையே வேண்டாம். உனக்குப் பக்கத்தில்தான் செல்பூ. எட்டிதழ்ப் பூ போட்ட கையுறைக்குப் பேர்போன ஊர். 1857-ல் மாரித் எம்ஸ்தா என்ற பெண் தொடங்கிவைத்த வேலை என்பார்கள். அந்தப் பூவின் கட்டத்தாளை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மார்கழியில் 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை என்று வைத்த கைக்கு அது என்ன பெரிய கணக்கு? ஒரு கட்டம், ஒரு கண்ணி, அவ்வளவுதான். கோலத்தில் தப்பினால் காலால் அழித்துவிடலாம், இதில் முடியாது.

சரி, ஸ்வெட்டருக்கு முன், இரண்டு ஊசியை வளையும் வடத்தால் இணைத்த வட்ட ஊசியில் ஒரு தொப்பி பின்னு. அதைத் துவைத்துக் காயவைத்து 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி என்று எண்ணு. 22 வரவேண்டிய இடத்தில் உனக்கு 24 வந்தால், 220 கண்ணியில் 100 சென்டிமீட்டர் வரவேண்டிய மார்புச் சுற்று ஏறக்குறைய 92 ஆகிவிடும். இரண்டரை மணிக்கே சூரியன் மறையும் டிசம்பரில் உட்கார்ந்து அத்தனையையும் பிரிக்க வேண்டாம், பாரு.

இன்னொன்று. உடம்பைக் குழாய் மாதிரி பின்னி முடித்ததும், கை வைக்கிற இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். இரண்டு பக்கமும் தையல் மெஷினில் அடித்துவிட்டுத்தான் வெட்டுவது, பிரியாது. இருந்தாலும் அன்றைக்குப் பழகிய கை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். நான் கத்தரிக்கோலைப் பாட்டி கையில் கொடுத்துவிட்டு, காபி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.