பெட்ரோல் முள் பொய் சொல்லும்போது: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி பழைய கார்களின் எரிபொருள் மானியைப் பற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரின் மாடலையும் ஆண்டையும் குறிப்பிடாமல் "முள் சரியில்லை, என்ன செய்வது?" என்று மட்டும் எழுதியவர்களுக்குப் பொதுவான பதிலைத் தவிர வேறு எதுவும் தர இயலாது.

கேள்வி: டேங்கை நிரப்பிய பிறகு நூறு கிலோமீட்டர் வரை முள் அசைவதே இல்லை. பாதிக்குக் கீழே வந்ததும் விறுவிறுவென்று இறங்கிவிடுகிறது. இது கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. டேங்க் நிறைந்திருக்கும்போது, உள்ளே எரிபொருளின் மேல் மிதந்து அதன் மட்டத்தை முள்ளுக்குத் தெரிவிக்கும் மிதவை தன் மேல் எல்லையில் முட்டி நின்றுவிடுகிறது. எரிபொருள் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கும் வரை முள்ளுக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. பாதிக்குக் கீழே வேகமாக இறங்குவதற்குக் காரணம் டேங்கின் வடிவம். அச்சுக்கும் ஸ்டெப்னிக்கும் இடம் விட்டு வளைக்கப்பட்ட டேங்குகள் பலவும் அடிப்பகுதியில் குறுகியவை. மிதவை அளப்பதோ உயரத்தைத்தானே தவிர லிட்டரை அன்று. டேங்க் ஏறத்தாழக் காலியாக இருக்கும் நாளில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டால், உங்கள் காருக்கு மட்டும் பொருந்தும் ஓர் அட்டவணை கிடைத்துவிடும்.

கேள்வி: எவ்வளவு பெட்ரோல் இருந்தாலும் முள் காலியிலேயே கிடக்கிறது. பியூஸ் நன்றாக இருக்கிறது.

பதில்: மற்ற மானிகள் வேலை செய்கின்றனவா என்பதை நீங்கள் எழுதியிருந்தால் என் வேலை பாதியாகியிருக்கும். சாவியை அணைத்துவிட்டு, டேங்க் யூனிட்டிலிருந்து (மிதவையின் உயரத்துக்கேற்பத் தன் மின்தடையை மாற்றும் பாகம் அது) மானிக்குச் செல்லும் ஒயரைக் கழற்றி, பாடியின் சுத்தமான உலோகப் பகுதியில் இணையுங்கள். பிறகு சாவியைப் போடுங்கள். பெரும்பாலான பழைய கார்களில் முள் ஃபுல்லை நோக்கி ஏற வேண்டும். ஏறினால் மானியும் ஒயரும் நலம். கோளாறு டேங்க் யூனிட்டிலோ அதன் எர்த்திலோ, அதாவது மின்சாரம் பாடிக்குத் திரும்பும் இணைப்பிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் ஒயரையும் மானியையும் பாருங்கள். சில வினாடிகளுக்கு மேல் இப்படி வைக்காதீர்கள். சூடாகி வளையும் தகட்டால் இயங்கும் பழைய மானிகளின் கம்பிச்சுருள் கருகிவிடக்கூடும். இன்ஜெக்ஷன் கார்களில் பம்ப்புக்கான ஒயரும் அதே சாக்கெட்டில் வருவதால், நிறத்தை வைத்து ஊகிக்காமல் ஒயரிங் வரைபடத்தைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

கேள்வி: பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே நேரத்தில் அதிகமாகக் காட்டத் தொடங்கிவிட்டன. இன்ஜின் சூடாகவில்லை.

பதில்: இரண்டு மானிகள் ஒரே நாளில் ஒரே திசையில் கெடுவதில்லை. டேஷ்போர்டின் பின்னால் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். அது பேட்டரியின் 12 வோல்ட்டை, பழைய பிரிட்டிஷ் கார்களில் சராசரியாக 10 வோல்ட் அளவுக்குக் குறைத்துத் தருவது. அதன் எர்த் விட்டுப்போனால் முழு வோல்டேஜும் மானிகளுக்குப் போய்விடும். புதியது வாங்குவதற்கு முன் அந்த ஸ்குருவைக் கழற்றித் துருவைச் சுரண்டி மீண்டும் முடுக்குங்கள்.

கேள்வி: டேங்க் நிரம்பியிருந்தாலும் முள் முக்காலைத் தாண்டுவதில்லை, குறைவாக இருக்கும்போது சரியாகவே காட்டியது. மெக்கானிக் சொன்னபடி முதலில் மானியை மாற்றினேன், பயனில்லை. எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று விற்கப்பட்ட டேங்க் யூனிட் ஒன்றைப் பொருத்தினேன். இப்போது நிரம்பியிருந்தால் காலி என்றும், காலியாக இருந்தால் ஃபுல் என்றும் காட்டுகிறது. அடுத்து எதை மாற்றுவது?

பதில்: எதையும் மாற்ற வேண்டாம், இதுவரை மாற்றியதே அதிகம். அளக்காமல் பொருள் வாங்காதீர்கள் என்று நான் எத்தனை முறை எழுதினாலும், மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பழைய பாகத்தைக் குப்பையில் போடும் வழக்கம் குறைந்தபாடில்லை. உங்கள் காரில் இருந்த கோளாறை உங்கள் கடிதத்தின் முதல் வரியே சொல்லிவிடுகிறது. மானியிலிருந்து வரும் மின்சாரம் டேங்க் யூனிட்டைக் கடந்து, டேங்கின் உலோகம் வழியாகவோ ஓர் எர்த் ஒயர் வழியாகவோ பாடிக்குத் திரும்ப வேண்டும். அந்த வழியில் துருவோ பெயிண்ட்டோ சேர்ந்து ஐந்து ஓம் தடை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியில் 73 ஓமும் நிறைவில் 10 ஓமும் தரும் வகை யூனிட்டில், காலியில் இருக்கும்போது 73 என்பது 78 ஆவதைக் கண் கண்டுகொள்ளாது. நிறைவில் 10 என்பது 15 ஆகும்போதோ முள் ஃபுல்லைத் தொடாமல் நின்றுவிடும். கீழே சரியாகவும் மேலே குறைவாகவும் காட்டுவது இந்த வகைக் கார்களில் எர்த் கோளாறின் தெளிவான அடையாளம். சாவியை அணைத்துவிட்டு, யூனிட்டின் உலோக விளிம்பிலிருந்து பாடிக்குத் தனியாக ஓர் ஒயரை இணைத்துப் பார்த்திருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இரண்டாவது தவற்றுக்கு வருவோம். டேங்க் யூனிட்டுகள் எல்லாம் ஒன்றல்ல. 240 ஓமிலிருந்து 33க்கும், 73லிருந்து 10க்கும் டேங்க் நிரம்ப நிரம்பத் தடை குறையும் வகைகள் ஒருபுறம் இருக்க, 0விலிருந்து 90க்கும், 10லிருந்து 180க்கும் தடை ஏறும் வகைகள் மறுபுறம் உள்ளன. நீங்கள் பொருத்தியிருப்பது உங்கள் மானிக்கு நேர் எதிரான வகை. இடையில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரெசிஸ்டரால் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியுமே தவிர, திசையைத் திருப்ப முடியாது. பழைய யூனிட் இன்னும் இருந்தால் அதன் மிதவைக் கையைக் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்தி மல்டிமீட்டரில் பாருங்கள். இடையில் அறுபடாமல் ஓம் அளவு சீராக மாறினால், அதையே பழைய மானியோடு திரும்பப் பொருத்தி, எர்த்தைச் சரிசெய்யுங்கள். டேங்கைத் திறப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற மறக்காதீர்கள்.

கேள்வி: வளைவுகளில் முள் ஆடுகிறது.

பதில்: எரிபொருள் அலம்புவதற்கேற்ப மெல்ல ஆடினால் விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் வரும்போதெல்லாம் சட்டென்று ஒரு கோடிக்குத் தாவித் திரும்பினால், யூனிட்டுக்குள் இருக்கும் தடைப்பாதை அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது.

கேள்வி: பித்தளை மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் ஏறிவிட்டது. நானே ஈயம் பற்றவைக்கலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே சில சொட்டுப் பெட்ரோல் இருந்தாலும் சூடு பட்டவுடன் ஆவியாகி வெடிக்கும். காற்றில் ஏறத்தாழ 1.5 முதல் 7.5 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே தீப்பற்றப் போதுமானது. ஓட்டையை உறுதி செய்ய வேண்டுமானால் அடுப்பிலிருந்து இறக்கி, வீட்டுக்கு வெளியே தொலைவாக எடுத்துச் சென்ற வெந்நீரில் மிதவையை அமிழ்த்துங்கள். குமிழ் வந்தால் ஓட்டைதான். புதிய மிதவை கிடைக்கும் வரை, பூஜ்யமாக்கிய பின் ஓடிய தூரத்தைக் காட்டும் ட்ரிப் மீட்டரை நம்பி ஓட்டுங்கள்.

கேள்வி: டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்றை உறிஞ்சும் சத்தம் வருகிறது. சில மாதங்களாகப் பெட்ரோல் தீர்ந்தாலும் முள் கால் பங்குக்குக் கீழே இறங்குவதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு; நல்ல கேள்வி. காற்றுவழி அடைபட்டிருந்தால், பம்ப் எரிபொருளை இழுக்க இழுக்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகித் தகடு உட்புறமாக ஒடுங்கும். அடித்தளம் மேலெழும்பினால் மிதவை அதன்மேல் உட்கார்ந்துவிடும், அதற்குக் கீழே முள் இறங்க வழியில்லை. மூடியையும் காற்றுக்குழாயையும் சுத்தம் செய்த பிறகு, காரைத் தூக்கி டேங்கின் அடிப்பகுதியைப் பாருங்கள்.

கேள்வி: மானியைச் சரிசெய்யாமலே ஓட்ட முடியாதா?

பதில்: முடியும், கணக்கு வைத்துக்கொள்பவர்களால். பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும் அதே போல நிரப்புங்கள். 400 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 13. டேங்க் 40 லிட்டர் என்றால் 500 வரை போகலாம் என்று கணக்கிட்டு நடுவழியில் நின்றவர்களின் கடிதங்களும் எனக்கு வருகின்றன. 350ஐத் தாண்ட வேண்டாம். ஏசியைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டால் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குச் செலவாகும், அதை ட்ரிப் மீட்டர் அறியாது. டயர் அளவை மாற்றியிருந்தால் ஓடோமீட்டரும் தவறாகவே காட்டும்.

கேள்வி: 40 லிட்டர் டேங்கில் 42 லிட்டர் பிடித்தது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: கையேட்டில் உள்ள கொள்ளளவு விரிவுக்கான வெற்றிடத்தையும் கழுத்துக் குழாயையும் சேர்க்காதது. பம்ப் நின்ற பிறகும் அழுத்தி அழுத்தி ஊற்றினால் இப்படித்தான் ஆகும். ஆவியைச் சேகரிக்கும் கரிக்குடுவையும் நனைந்து கெடும்.

கேள்வி: மானியில் கால் டேங்க் இருந்தபோதே டீசல் தீர்ந்து கார் நின்றது. 10 லிட்டர் ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை.

பதில்: ஏர் லாக், அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்து அடைத்துக்கொண்டது. ஸ்டார்ட்டரை ஓயாமல் சுற்றாமல், ஃபில்டரில் உள்ள கைப்பம்பை அது இறுகும் வரை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள்.